மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?

சத்தியம் சார், சத்தியம்! இந்தத் தொண்டை மேல கை வச்சுச் சொல்றேன். நான் சொன்னதுலயும் இனிமே சொல்லப்போறதுலயும் ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, நாளைக்குக் காலையில என் குரல்வளையை அறுத்துப் போடட்டும். போதுமா? இன்னும் ஏன் புருவத்தைத் தூக்குறீங்க? ஒரு பொம்பளை, எழுபதைத் தாண்டினவங்க, மதில் மேல நடந்து, மாடிக்கு மாடி தாவி, தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்தாங்க. போன்ல அப்படித்தான் காட்டிச்சு. காட்டினதைச் சொன்னேன்.

சரி, நடுவுல இருந்து ஆரம்பிச்சுட்டேன், அதான் உங்களுக்கு நம்ப முடியல. முதல்ல இருந்து வரேன். கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உக்காரலாமா? அங்க டிவி சத்தம். ஆங், இந்த பெஞ்சுதான் சரி. ஜன்னலைச் சாத்திடறேன். நீங்க கழுத்துத் துணியை இழுத்து விட்டுக்கோங்க, ஃபேன் காத்து நேரா அடிக்குது. இப்பக் கேளுங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன். பேரெல்லாம் வேண்டாம். தெரிஞ்சவங்க எல்லாம் புளுகுமூட்டைன்னுதான் கூப்பிடுவாங்க, கூப்பிட்டா திரும்பிப் பாப்பான். வேலை, லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்னு போச்சுன்னு எவனாவது கத்தினா, ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு இருட்டுக் குழிக்குள்ள இறங்குற வேலை. உள்ள மாட்டிக்கிட்டவங்க பயந்து அழுவாங்க இல்ல, அவங்களுக்கு மேல இருந்து கதை சொல்லிக்கிட்டே வேலை பாப்பான். பொய்க் கதைதான். உண்மையைச் சொன்னா இன்னும் பயந்துடுவாங்களே!

அந்தக் காலத்துல வெளியூருக்குப் பேசணும்னா எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லி ட்ரங்க் கால் போடணும், ஞாபகம் இருக்கா? தலையாட்டுறீங்க, நல்லது. ஸ்பேர் பார்ட்ஸ் வரலைன்னு இவன் ஹெட் ஆபீசுக்கு அடிக்கடி போன் போடுவான். எக்ஸ்சேஞ்சுல ஒரு பொண்ணு லைன் குடுக்கும். மூணு நிமிஷம் ஆனதும் நடுவுல வந்து, மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா? அப்படின்னு கேக்கும். அவ்வளவுதான் பழக்கம். ஒரு நாள் மேனேஜர், ஏன்டா வேலை முடியலைன்னு கத்த, இவன் அடிச்சு விட்டான் பாருங்க: ஒரு கல்யாணமே லிஃப்ட்ல மாட்டிக்கிச்சு சார், மாப்பிள்ளை உள்ள, பொண்ணு வெளிய, கதவுச் சந்துல விரலை நீட்டச் சொல்லி மோதிரம் போட வச்சுட்டுத்தான் நான் ஸ்பேனரையே தொட்டேன். லைன்ல ஒரு சிரிப்பு வெடிச்சுது. மேனேஜர் சிரிப்பு இல்ல. எக்ஸ்சேஞ்சுல இருக்கிறவங்க நடுவுல சிரிக்கவே கூடாது, வேலை போயிடும். அந்தப் பொண்ணு சிரிச்சுட்டா. அப்புறம் இவன் ஸ்பேர் பார்ட்ஸ் வந்தாலும் போன் போட ஆரம்பிச்சுட்டான்.

முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே கல்யாணம் முடிவாயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. அவளுக்குக் காதுதான் கண்ணு. குரலை வச்சே, இவர் காலையில சாப்பிடல, இந்தம்மா பொய் சொல்லுது, இந்த ஆளுக்குப் பல் கட்டியிருக்குன்னு சொல்லுவா.

இருங்க, அந்த டிராலி போகட்டும். என்ன சத்தம்! சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட ஆளில்ல இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில... போயிடுச்சு.

வயசான காலத்துல அவளுக்கு மறதி வந்தது. சாவியை எங்கேயோ வச்சுட்டுத் தேடற மறதி இல்ல, அது எல்லாருக்கும் வரும். சாவியைக் கையில வச்சுக்கிட்டு இது எதுக்குன்னு கேக்குற மறதி. சட்டைக்கு மேல சட்டை போட்டுக்குவா. குழாயைத் திறந்து விட்டுட்டு மழை பெய்யுதுன்னு துணி எடுக்க மாடிக்குப் போவா. டாக்டர் ஒரு பேர் சொன்னார், இது கூடிக்கிட்டேதான் போகும், பக்கத்துல இருந்து பாத்துக்கோங்கன்னார்.

ஒரே மக, கடல் தாண்டி இருக்கா. வேலையை விட்டுட்டு வர முடியாது, மனசு கேக்கல. பெட்டி பெட்டியா சாமான் அனுப்பினா. பேசற டப்பா ஒண்ணு, தானா படம் மாத்துற போட்டோ சட்டம் ஒண்ணு, கதவு திறந்தா இவன் போன்ல மணியடிக்கிற சமாச்சாரம், ஆள் எங்க இருக்காங்கன்னு போன்ல புள்ளியா காட்டுற பட்டன் ஒண்ணு. எல்லாம் இப்ப கடையில கிடைக்கிறதுதான். இவன் குஷியாயிட்டான். எவ்வளவு பெரிய லிஃப்டை ஓட்டினவன், இதை ஓட்ட மாட்டானா?

பேசற டப்பாவை அடுப்படியில வச்சான். நேரத்துக்கு அது ஒரு பொம்பளைக் குரல்ல, மாத்திரை சாப்பிடும் நேரம்னு சொல்லும். முதல் தடவை கேட்டதும் இவ இடுப்புல கை வச்சுக்கிட்டு வந்தா. யாருங்க இவ? என் அடுப்படியில நின்னுக்கிட்டு எனக்கே உத்தரவு போடறா? இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா? அழுகை, ரகளை. வாழ்நாள் பூரா இவன் சொன்ன அத்தனை பொய்யையும் நம்பினவ, அது வெறும் டப்பான்னு சொன்ன ஒரே ஒரு உண்மையை நம்பல.

போட்டோ சட்டம் அதுக்கு மேல. மக, மருமகன், பேத்தி எல்லாம் மாறி மாறி வருவாங்க. இவங்க யாரு, வந்து வந்து எட்டிப் பாக்குறாங்க, ஒரு வார்த்தை பேசறதில்லையே, உள்ள வரச் சொல்லுங்க டீ போடறேன்னு சொல்லுவா. துணி மாத்தும்போது அது மேல துண்டைப் போட்டு மூடிடுவா. அது நியாயம்தானே, சொல்லுங்க?

பட்டனை ஒரு செயின்ல கோத்துக் கழுத்துல போட்டு விட்டான். ஒரு நாள் குளிச்சுட்டு வந்து பாக்குறான், ஆளைக் காணோம். போனை எடுத்தா புள்ளி நகருது. பின் வீட்டு மதில் மேலயே போகுது, அப்புறம் மொட்டை மாடி, அங்கேயிருந்து அடுத்த மாடி. ஈரத் தலையோட, ஐயோ ஐயோன்னு தெருவுல ஓடறான், போற வர்றவங்ககிட்ட எல்லாம், மேல பாருங்க, என் பொண்டாட்டி மேல போறான்னு கத்தறான். பாத்தா ஒரு பூனை. சாம்பல் நிறம். கழுத்துல செயின் மினுங்குது. அவ பக்கத்து வீட்டுல உக்காந்து காய் நறுக்கிக்கிட்டு, பாவம் அதுக்கு நகை நட்டே இல்லைங்க, அதான் குடுத்தேன்னா.

சிரிங்க, சிரிங்க. தோளு குலுங்குது பாருங்க. இவனும் சிரிச்சான் சார். சிரிக்க முடிஞ்ச காலம் அது.

ஒரு காலையில குப்பையைக் கொட்டிட்டு வரான். கதவு சங்கிலி போட்டிருக்கு. சந்து வழியா அவ ஒரு கண்ணு தெரியுது. யாரு வேணும்? இவன் விளையாட்டுன்னு நினைச்சு, லிஃப்ட் ரிப்பேர் அம்மான்னான். எங்க வீட்டுல லிஃப்ட் இல்லைன்னு பட்டுன்னு சாத்திட்டா. அடியே நான்தான், கதவைத் திறன்னான். உள்ள இருந்து அலறல். அது எப்படிச் சொல்றது... லிஃப்டுக் குழியில எத்தனையோ பேர் பயந்து கத்திக் கேட்டவன் இவன். இவனைப் பாத்து பயந்து ஒருத்தர் கத்தி அதுவரைக்கும் கேட்டதில்ல. மாடி வீட்டம்மா இறங்கி வந்து சொல்லியும் கேக்கல. சந்துல முகத்தை வச்சுக் காட்டினா இன்னும் கத்தறா.

இவன் படிக்கட்டுல உக்காந்துட்டான். சட்டைப் பையில போன் இருந்துது. மக அனுப்பினதுல ஒண்ணு, பழைய காலத்து போன் மாதிரியே கனமா ரிசீவர் வச்சிருக்கும், ஒயர் கிடையாது, ரிசீவருக்குள்ளயே சிம் கார்டு போட்டது, அது கூடத்துல இருந்துது. வேற வழி தோணாம அதுக்கு அடிச்சான். மணி அடிக்குது. அலறல் நின்னுது. எடுத்தா. பேசுங்க, லைன்ல இருக்கேன்னா. அதே எக்ஸ்சேஞ்சுக் குரல்.

நான்தான்மான்னான்.

அவ்வளவுதான், குமுறிட்டா. எங்க போய்த் தொலைஞ்சீங்க, எத்தனை நேரமாச்சு, வாசல்ல யாரோ ஒரு கிழவன் நின்னு கதவைத் தட்டறான், உங்க சட்டையைப் போட்டிருக்கான், எனக்கு பயமா இருக்குங்க, சீக்கிரம் வாங்க. போன்ல ஒரு தடவை கேக்குது, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை கேக்குது. ஒரே அழுகை, ரெண்டு பக்கத்துல இருந்து.

புளுகுமூட்டைக்குப் புளுகு வராம போகுமா? பயப்படாதே, அது நான் அனுப்பின ஆளு, என்கூட லிஃப்ட் வேலை பாக்குறவர், நான் வெளியூர் வேலையில மாட்டிக்கிட்டேன், வர ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் வீட்டுல ஒத்தாசையா இருக்கச் சொல்லி அனுப்பினேன், சட்டையும் நான் குடுத்ததுதான், உள்ள விடுன்னான். முன்னாடியே சொல்லக் கூடாதாங்க, பாவம் பெரியவரைத் திட்டிட்டேனேன்னா. வச்சுட்டா. சங்கிலி கழண்டுது. உள்ள வாங்க, செருப்பை அங்க விடுங்கன்னா.

ஒரு வாரம்னான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியல சார்.

என்ன விரலை நீட்டறீங்க? யாரை? என்னையா? நான் எங்க என்னன்னு சொன்னேன்... அடப்பாவி மனுஷா, கண்டுபிடிச்சுட்டீங்களே. சரி, நான்தான் அது. இருந்தாலும் அவன்னே சொல்லிட்டுப் போறேனே. அவன்னு சொன்னா தொண்டை அடைக்காம வருது. நான்னு சொன்னா பாதியில நின்னுடும். இப்ப நிக்கக் கூடாது, நிறைய பேசியாகணும். ஒரு மடக்கு தண்ணி குடிச்சுக்கறேன்.

அப்புறம் அதுவே பொழப்பாப் போச்சு. லிஃப்ட்காரன் மாத்திரையை நீட்டினா வாங்க மாட்டா. முன்னப்பின்ன தெரியாத ஆளு குடுக்கிறதை எப்படிச் சாப்பிடறதும்பா. இவன் படிக்கட்டுக்குப் போய் போன் அடிப்பான். ஏம்மா, லிஃப்ட்காரர் ஒரு வெள்ளை மாத்திரை குடுப்பார், போட்டுக்கோ. சரிங்கம்பா. இவன் குடுகுடுன்னு உள்ள ஓடி, மூச்சை அடக்கிக்கிட்டு மாத்திரையை நீட்டுவான். ஐயா சொன்னாரு, குடுங்கம்பா. குளிக்க ஒரு போன், சாப்பிட ஒரு போன், தூங்க ஒரு போன். நடுவுல பழக்கம் விடாம, மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா? ம்பா. நீட்டும்மா, நீட்டும்பான். எங்கேயிருந்து பேசறீங்கன்னா தினம் ஒரு ஊர். ஒரு நாள் நூறு மாடிக் கட்டடம், மேகம் லிஃப்டுக்குள்ள வந்துடுச்சு, பக்கெட்ல வாரிக் கொட்டினோம்னு விடுவான். குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பா. இவன் படிக்கட்டுல தனியா நின்னு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கிட்டிருப்பான்.

லிஃப்ட்காரன்கிட்ட புருஷனைப் பத்திக் குறை சொல்லுவா. எங்க வீட்டுக்காரர் பெரிய புளுகர் லிஃப்ட்காரரே. பக்கத்துல இருந்தா ஒரு உதவி கிடையாது. ஆனா அவர் குரல் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும்பா. தட்டுல நல்லதா எதாவது இருந்தா, அவர் வந்தா வேணும்னு எடுத்து மூடி வச்சுடுவா. லிஃப்ட்காரனுக்கு மிச்சம்தான். தன் மேலயே பொறாமைப்பட்ட ஆளை நீங்க பாத்திருக்கீங்களா? பாத்துக்கோங்க.

மக புத்திசாலி. அப்பா, எத்தனை தடவை படிக்கட்டு ஏறி இறங்குவீங்க, உங்க குரலைப் பதிவு பண்ணி நேரத்துக்கு நேரம் போன்ல வர மாதிரி வச்சுடலாம்னா. வச்சாங்க. எடுத்தா, கேட்டா, நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டா. பதிவு அதுபாட்டுக்கு மாத்திரையைப் போட்டுக்கோம்மாங்குது. மறுபடியும் கேட்டா. மறுபடியும் அதேதான். ரிசீவரை வச்சுட்டு, லைன் பிஸி, ரெக்கார்டு ஓடுதுன்னு சொல்லிட்டா. யாரு காது! புருஷன் முகம் போயிடுச்சு, மக பேர் போயிடுச்சு, ஆனா லைன்ல ஆள் இருக்கா இல்லையான்னு தெரியறது மட்டும் போகல. கேட்டா பதில் வரணும் அவளுக்கு.

அப்புறம் ஒரு நாள், என்னங்க, லைன்ல இரைச்சலா இருக்கேன்னா.

கரகரன்னு கேக்குது, லைன்மேனைக் கூப்பிடுங்கன்னா. இவன் மெக்கானிக் ஆச்சே. போனைக் கழட்டித் தொடச்சான். ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனான். கடைக்காரர் பாத்துட்டு, போன்ல ஒண்ணுமில்ல பெரியவரேன்னார். இவன் நம்பல. அவ காது பொய் சொல்லாது. வேற போன் வாங்கினான். இரைச்சல் ஜாஸ்தியாயிடுச்சுங்கன்னா. சிம் மாத்தினான். படிக்கட்டுல சிக்னல் சரியில்லையோன்னு மொட்டை மாடியில நின்னு பேசிப் பாத்தான். தினமும் சொன்னா சார், தினமும். இவன் மாசக்கணக்கா போனையே மாத்திக்கிட்டிருந்தான். மாடி வீட்டம்மாதான் ஒரு நாள், என்ன உங்க குரல் இப்படிக் கட்டிக்கிடக்கு, டாக்டரைப் பாக்கலையான்னாங்க. அப்பதான் உறைச்சுது. கோளாறு தொண்டையில. என் முகம் தெரியாத என் பொண்டாட்டிதான் டாக்டருக்கு முன்னாடி கண்டுபிடிச்சவ. நான்தான் போனைக் கழட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன்.

பாத்தீங்களா, நான்னு வந்துடுச்சு. இல்ல, அழல. இருங்க.

தொண்டையில இருந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. புண்ணு ஆறுற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாதுன்னு டாக்டர் கண்டிஷன். சரி, கொஞ்ச நாள்தானே, சமாளிக்கலாம்னு நினைச்சான். தட்டுல சாப்பாடு வச்சா, அவர் போன் வரட்டும்னா. தண்ணி குடுத்தா, அவர் போன் வரட்டும். ரிசீவரை மடியில வச்சுக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்திருக்கா. மாடி வீட்டம்மா வந்து ஊட்டிப் பாத்தாங்க, வாயை இறுக்கி மூடிக்கிட்டா. இவன் எதிர்ல நிக்கறான், கையைக் கூப்பறான், வாயைத் திறந்து காட்டறான். லிஃப்ட்காரரே, நீங்க ஏன் இப்படிப் பண்றீங்க, உடம்பு சரியில்லையா, போய்ப் படுங்கன்னு என்னை, அதான் அவனைச் சமாதானம் பண்றா. உதடு வெடிச்சுப் போய்க் கிடக்கு அவளுக்கு.

அடுத்த நாள் இவன் அசந்த நேரத்துல போன்ல மணியடிச்சுது. கதவு திறந்த மணி. ஓடி வந்தா ஆள் இல்ல. நல்ல வேளை, பூனைக்கு அப்புறம் மக சொன்ன மாதிரி அந்தப் பட்டனை அவ கைப்பை உள்துணிக்குள்ள வச்சுத் தச்சிருந்தான். பையில்லாம அவ வெளிய போக மாட்டா. புள்ளி பெரிய ரோட்டுப் பக்கம் போகுது. ஓடறான். தெரு முக்குல திரும்பினா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவ. நடுவுல வண்டி, வண்டி, வண்டி. அவ ரோட்டுல கால் வைக்கிறா, எடுக்கிறா. ஒரு சத்தம் போட்டா திரும்பிப் பாப்பா. ஒரே ஒரு சத்தம். இவனால முடியல. வாயைத் திறக்கிறான், காத்துதான் வருது. கையைத் தட்டறான், ஹாரன்ல அமுங்கிப் போகுது. தொண்டை இருந்தும் இல்லாம நிக்கறதுன்னா என்னன்னு... உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

யாரோ ஒரு புண்ணியவான் அவ கையைப் பிடிச்சு ஓரமா விட்டுட்டுப் போனார். அவ நேரா ஒரு கண்ணாடிக் கடைக்குள்ள போனா. செல்போன் கடை. அந்த இடத்துலதான் முன்ன எக்ஸ்சேஞ்சு இருந்துது. கட்டடம் மாறிடுச்சு, கால் மறக்கல. இவன் மூச்சு வாங்கிக்கிட்டு உள்ள போறான். கவுன்டர்ல இருக்கிற பொண்ணுகிட்ட சொல்லிக்கிட்டிருக்கா: எங்க வீட்டு லைன் செத்துப் போச்சும்மா, புகார் எழுதிக்கோங்க. அந்தப் பொண்ணு முழிக்குது. இவனைப் பாத்ததும், நல்ல வேளை லிஃப்ட்காரரே, நீங்களாவது சொல்லுங்க, எங்க வீட்டுக்காரர் லைன் போட்டுக்கிட்டே இருப்பார், கிடைக்கலைன்னா பயந்துடுவார், அவரு ரொம்பப் பயந்த மனுஷன்னா.

இத்தனை வருஷத்துல எனக்கு பயம்னு யார்கிட்டயும் காட்டினதில்ல சார். குழியில கயிறு அறுந்து தொங்கினப்பவும் ஜோக்கு அடிச்சவன். அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

டாக்டர் சொன்னது கிடக்கட்டும்னு கடைக்கு வெளிய தூணுக்குப் பின்னால போனான். போன் அடிச்சான். ரிசீவரை அவ பைக்குள்ளயே போட்டுக் கொண்டு வந்திருந்தா. எடுத்தா. நான்தான்மான்னு ஒரே வார்த்தை. முள்ளுக் கம்பியை முழுங்கின மாதிரி இருந்துது, வாயில ரத்தம் கரிச்சுது. அவ கவுன்டர் பொண்ணைப் பாத்துச் சிரிக்கிறா, லைன் வந்துடுச்சும்மா, சீக்கிரமா சரி பண்ணிட்டீங்க, ரொம்ப நன்றிங்கறா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டா.

டெஸ்ட் முடிவு வந்துது. பாதி எடுத்தாப் பத்தாது, குரல்வளையை முழுசா எடுத்தாகணும்னுட்டாங்க. எடுக்கலைன்னா? எடுக்கலைன்னா நானே இருக்க மாட்டேன், அப்புறம் லிஃப்ட்காரனும் இல்ல, போனும் இல்ல. நாளைக்குக் காலையில. ஆமா, ஆரம்பத்துல சத்தியம் பண்ணேனே, பொய்யா இருந்தா அறுக்கட்டும்னு? நிஜமா இருந்தாலும் அறுக்கத்தான் போறாங்க. அந்த தைரியத்துலதான் பண்ணேன். பூனை தண்ணித் தொட்டி மேல ஏறல, அது மட்டும் சேத்துக்கிட்டேன். மிச்சமெல்லாம் நிஜம்.

மக விமானம் பிடிச்சு ஓடி வந்துட்டா. அவ வந்ததும் இவ எக்ஸ்சேஞ்சு ஞாபகத்துல எழுந்து நின்னு, வாங்க சூப்பர்வைசரம்மாங்கறா. அந்தப் பொண்ணு பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து, அப்பா, ஒரு ஆப் இருக்கு, உங்க குரலைக் கேட்டுக் கத்துக்கும், அப்புறம் நீங்க போன்ல எழுதினா அது உங்க குரல்ல பேசும், அம்மா கேக்குறதுக்கு எல்லாம் பதில் சொல்லலாம்னா. பழைய வீடியோவுல எல்லாம் பத்துப் பேர் குரல் கலந்து கிடக்கு, அது ஆகாதாம். வாசிக்கச் சொல்லி வாக்கியம் குடுத்துது. இன்று வானம் தெளிவாக இருக்கிறது. நான் சந்தைக்குச் செல்கிறேன். பரீட்சை எழுதுற மாதிரி உக்காந்து வாசிச்சேன். அதுவும் கத்துக்கிச்சு. மக எழுத, அது பேச, அவளுக்குப் போன் போட்டோம். அவ பொறுமையா கேட்டா. கேட்டுட்டு, ஐயா, நீங்க யாரோ எங்க வீட்டுக்காரர் மாதிரி பேசப் பாக்குறீங்க, அவர் இவ்வளவு ஒழுங்காப் பேச மாட்டார், ராங் நம்பர்னா. வச்சுட்டா.

மக சொன்னா, அப்பா, நீங்க குடுத்ததைத்தான் அது திருப்பிக் குடுக்குது, வாசிக்காதீங்க, யார்கிட்டயாவது புளுகுங்க, நீங்க புளுகும்போதுதான் நீங்களா இருக்கீங்க, சிரிங்க, திட்டுங்க, சத்தியம் பண்ணுங்க, ஆனா வேற குரல் எதுவும் நடுவுல விழக் கூடாது. செவுத்தைப் பாத்துப் புளுகிப் பாத்தேன் சார். வரல. புளுகுக்கு எதிர்ல ஒரு முகம் வேணும். நர்ஸ்கிட்ட ஆரம்பிச்சா அது நடுவுல பேசுது. பக்கத்துக் கட்டில்காரர் அவர் கதையைச் சொல்றார்.

அப்பதான் நீங்க வெராண்டாவுல வந்து உக்காந்தீங்க. கழுத்துத் துணிக்கு அடியில, குரல்வளையை எடுத்தவங்களுக்கு இருக்கிற அந்த ஓட்டையைப் பாத்தேன். இவர் நல்லாக் கேப்பார், குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார்னு தெரிஞ்சுபோச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. இந்தா, சட்டைப் பையில போன், பதிவு ஓடிக்கிட்டேதான் இருக்கு. முதல் சத்தியத்துல இருந்து எல்லாம் உள்ள போயிருக்கு. டிராலி சத்தம் மட்டும் மக வெட்டிடுவா.

அழாதீங்க சார், சத்தம் விழுந்துடும்... ஓ. உங்களுக்குச் சத்தம் வராதுல்ல. அப்ப அழுங்க.

என்ன எழுதுறீங்க? உங்க விரல் என்ன வேகமா ஓடுது! எனக்கு ஸ்பேனர் பிடிச்ச விரல், ஒரு எழுத்தைத் தட்டினா மூணு விழுது, நீங்கதான் சொல்லித் தரணும். காட்டுங்க. அவங்க நம்புவாங்களான்னு கேக்குறீங்களா? தெரியல சார். அவ காதை ஏமாத்த இது வரைக்கும் யாராலயும் முடிஞ்சதில்ல. நம்பலைன்னா அவ பட்டினி கிடப்பா. எனக்கு அதுக்கு மேல யோசிக்க முடியல. ஆனா ஒண்ணு பாருங்க. இத்தனை நாளும் படிக்கட்டுல நின்னு பேசினேன், அவ சிரிக்கிறதைக் காதால கேட்டேனே தவிர, கண்ணால பாத்ததில்ல. இனிமே வாய் திறக்க வேண்டாமே. அவ எதிர்லயே உக்காந்து தட்டலாம். புருஷன்கிட்ட பேசும்போது அவ முகம் எப்படி இருக்கும்னு பாத்துக்கிட்டே.

இதோ வரேன் சிஸ்டர், ஒரு நிமிஷம். நீட்டிச்சுக்கறேன்.

உடம்பு தேறினதும் நீங்க எங்க வீட்டுக்கு வரணும். வந்தா, கூடத்துல போன் அடிக்கும். அவ எடுத்து, பேசுங்க, லைன்ல இருக்கேன்னு சொல்லுவா. சிரிச்சாலும் சிரிப்பா. எதிர்ல ஒரு லிஃப்ட்காரக் கிழவன் வாயை மூடிக்கிட்டு போனைத் தட்டிக்கிட்டிருப்பான். கண்டுக்காதீங்க. அவகிட்ட மட்டும் இல்ல, யார்கிட்டயும் எழுதிக்கூடக் காட்டிடாதீங்க சார், பேசுறது அவன்தான்னு.